கமரா வாங்குமுன் வயரின் மறுமுனையைப் பாருங்கள்

அம்மா, நேற்று நீங்கள் மேசையில் வைத்துவிட்டுப் போன காகிதத்தை இன்று காலையும் எடுத்துப் பார்த்தேன். உங்கள் மகன், நம் தம்பி, நேரலை வேலைக்கென்று தன் கையால் எழுதிய பட்டியல்: லென்ஸ் மாற்றிப் போடுகிற 4கே மிரர்லெஸ் கமரா, 70-200 லென்ஸ், கிம்பல் (கை ஆடினாலும் படம் ஆடாமல் வைத்திருக்கும் பிடி), கடைசி வரியில் மொத்தத் தொகை. அதற்குக் கீழே நீங்கள் பென்சிலால் "சங்கிலி, இரண்டு காப்பு" என்று குறித்திருக்கிறீர்கள். அதைக் கண்டபிறகுதான் உடனே எழுத உட்கார்ந்தேன். நகையை அடைவு வைக்குமுன் இதை வடிவாக வாசியுங்கள். தம்பியிடமும் கொடுங்கள்.

"கமராவைத் தூக்கிக்கொண்டு திரிந்தால் சோறு கிடைக்குமா?" என்று கேட்டீர்கள். கிடைக்கும். நேரலை ஒழுங்காகச் செய்யத் தெரிந்த பிள்ளைக்கு யாழ்ப்பாணத்தில் வேலை இருக்கிறது. நல்லூர்த் தேரை ரொறன்ரோவிலும் லண்டனிலும் விழித்திருந்து பார்க்கிற சனம் நம்முடையது. கலியாண வீடு மட்டுமல்ல, செத்த வீடும் நேரலையில் போகிற ஊர் இது. வர முடியாத பிள்ளைகள் அங்கிருந்து பார்த்து அழுகிறார்கள். மார்ச் மாதம் மத்திய கல்லூரிக்கும் சென்ற் ஜோன்ஸ் கல்லூரிக்கும் வடக்கின் பெரும் சமர் நடந்தால், கடல் தாண்டிய பழைய மாணவர்களுக்கு அந்த மூன்று நாளும் வேறு நினைப்பு இருக்காது. தம்பியின் ஆசை சரியான ஆசை. அவர் எழுதிய பட்டியல்தான் பிழை.

ஏனென்றால் அது கலியாண வீட்டுப் பட்டியல். பெரிய சென்சர் (படத்தை வாங்கிப் பதிகிற தகடு) உள்ள மிரர்லெஸ் கமராவில் மணமகளின் முகம் தெளிவாகவும் பின்னால் இருப்பது பனிபோலவும் வரும். பார்க்க அழகுதான். ஆனால் பந்தோடு ஓடிவருகிற பிள்ளையைப் பிடிக்கும்போது அந்த அழகே எதிரியாகிவிடும்: போக்கஸ் ஓர் அடி தவறினால் முகம் மங்கிவிடும், நேரலையில் திருப்பி எடுக்கவும் முடியாது. லென்ஸ் பொருத்தியே வரும் வீடியோ கமராதான் கேம்கோடர்; சென்சர் சிறிதாக இருக்கிற கேம்கோடரில் முன்னும் பின்னும் கூடத் தூரம் தெளிவாக நிற்கும். செய்திக்காரருக்கும் விளையாட்டுக்காரருக்கும் வேண்டியது அதுதான்.

சூம் இன்னும் முக்கியம். மைதான எல்லையில் கமராவை நிறுத்தி, 70 மீற்றர் தள்ளி நிற்கிற துடுப்பாட்டக்காரரை எடுப்பதாக வைப்போம். முழுச் சட்டக் கமராவில் (சென்சர் பழைய பிலிம் அளவுக்குப் பெரிதாக உள்ளது) 200 மில்லிமீற்றர் லென்ஸ் போட்டால் அந்தத் தூரத்தில் ஏறத்தாழ பன்னிரண்டரை மீற்றர் அகலம் தெரியும். ஆள் விரலளவு நிற்பார். 20 மடங்கு சூம் உள்ள கேம்கோடர் பல 600 மில்லிமீற்றருக்குச் சமமாக நெருங்கும். அதில் தெரியும் அகலம் 4 மீற்றரைச் சற்றே தாண்டும். துடுப்பைப் பிடித்த கையைக் காட்டலாம். அதையும் ஒரு விரலால், ஒரே வேகத்தில், போக்கஸ் குலையாமல் உள்ளே போய் வெளியே வரலாம். 70-200 லென்ஸில் மொத்தச் சூமே மூன்று மடங்குக்குக் கிட்டத்தான்.

இனி வயர். நான் எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்கிற முதற் கேள்வி, "கமராவில் இருந்து படம் எங்கே போகப்போகிறது?" என்பதுதான். சில வருடங்களுக்கு முன் பாடசாலை உதைபந்தாட்ட இறுதிப் போட்டி ஒன்றுக்கு என் பழைய மாணவர் ஒருவரோடு போயிருந்தேன். நல்ல கமரா, கடன்பட்டு வாங்கியது. எச்டிஎம்ஐ வயர் மேசையில் இருந்த சுவிட்சருக்கு (பல கமராக்களில் எந்தப் படம் வெளியே போவது என்று மாற்றும் பெட்டி) போனது. பந்து பொறுக்க ஓடிய ஒரு சின்னப் பொடியனின் கால் வயரில் தட்டியது, அவ்வளவுதான். கம்பிமுனை அரை அங்குலம் விலகியது, திரை கறுத்தது. அந்த நேரத்தில் கோல் விழுந்தது. அவர் குனிந்து வயரைத் தேடிய கைகள் நடுங்கியதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அதற்குப் பிறகுதான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்: எஸ்டிஐ (தொலைக்காட்சிக்காரர் பாவிக்கும் வீடியோ வயர் இணைப்பு) இல்லாத கமராவை நேரலைக்கு வாங்க வேண்டாம். எஸ்டிஐ வயரின் முனை திருகிப் பூட்டுவது, இழுத்தாலும் கழராது. நல்ல கேபிளில் 100 மீற்றர் அளவுக்கு எச்டி படம் போகும். சாதாரண எச்டிஎம்ஐ வயரைப் பத்துப் பதினைந்து மீற்றருக்கு மேல் நம்ப முடியாது.

கடையில் இந்த இடத்தில்தான் ஏமாறுவார்கள். கெனன் எக்ஸ்ஏ40, எக்ஸ்ஏ45 இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள்போல இருக்கும், இரண்டிலும் 20 மடங்கு சூம். ஆனால் எஸ்டிஐ 45இல்தான் இருக்கிறது. எக்ஸ்ஏ60, எக்ஸ்ஏ65 சோடியும் அப்படியே. இந்த எக்ஸ்ஏ வரிசையில் கடைசி இலக்கம் 5 என்றால் எஸ்டிஐ உண்டு என்று தம்பி மனதில் வைத்திருக்கட்டும். சோனியில் பிஎக்ஸ்டபிள்யூ இசட்90க்கு எஸ்டிஐ உண்டு, சூம் 12 மடங்குதான். செய்திக்குப் போதும், கிரிக்கெட்டுக்குக் காணாது. இசட்190இல் 25 மடங்கு. பனசோனிக் சிஎக்ஸ்350 20 மடங்கு சூமோடு, கமராவில் இருந்தே யூடியூப்புக்கு நேரே அனுப்பும் வசதியும் கொண்டது. புதிதாக வாங்கினால் எல்லாமே விலைதான். பாவித்த கமரா நல்ல நிலையில் கிடைத்தால் வெட்கப்படாமல் வாங்கலாம். ஒவ்வொரு துளையிலும் வயரைச் செருகிப் பார்த்து, முழு மணித்தியாலம் ஓடவிட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

சத்தத்தைப் பற்றிப் பட்டியலில் ஒரு வரிகூட இல்லை. கமராவில் மைக் வயரைப் பூட்டும் இரண்டு எக்ஸ்எல்ஆர் துளையும் மைக்குக்கு 48 வோல்ட் மின்சாரம் கொடுக்கும் வசதியும் இருக்க வேண்டும், காதில் ஹெட்போன் கழற்றவே கூடாது. படம் கொஞ்சம் மங்கினால் சனம் பொறுக்கும், பேச்சுக் கேட்காவிட்டால் மாற்றிவிட்டுப் போய்விடும்.

அடுத்து, மாமா கனடாவில் இருந்து மலிவாக வாங்கி அனுப்பப்போவதாகச் சொன்னீர்களே, அதைத் தயவுசெய்து நிறுத்திவையுங்கள். அங்கே மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், இங்கே 50. நம்முடைய தொலைக்காட்சி முறை விநாடிக்கு 25 சட்டகம் (தனிப்படம்), அங்கே 30. சில மலிவான கமராக்கள் அந்த நாட்டு முறையில் பூட்டியே விற்கப்படும், இங்கே கொண்டுவந்து மாற்ற முடியாது. அதைக்கொண்டு நம் மண்டபத்தின் குழல் விளக்குக்குக் கீழே எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். ஷட்டரை (ஒவ்வொரு சட்டகத்துக்கும் ஒளி விடுகிற நேரம்) விநாடியில் 50இல் ஒரு பங்கு அல்லது 100இல் ஒரு பங்கு என்று வைத்தால் அந்தப் பட்டை அடங்கும். ஆனால் 30 சட்டகப் படத்தை 25 சட்டகத்தில் ஓடுகிற தொலைக்காட்சி நிலையத்துக்குக் கொடுத்தால் அங்கே மாற்றும்போது அசைவு வெட்டி வெட்டி வரும். தொழில்முறைக் கமரா பலதில் 50க்கும் 60க்கும் மாற்றும் தெரிவு இருக்கிறது. மாமா அதை மெனுவில் திறந்து, போனில் படம் எடுத்து அனுப்பினால் பிறகு யோசிக்கலாம். பழுதானால் உத்தரவாதத்துக்காகக் கடல் தாண்டி அனுப்ப வேண்டி வரும் என்பதையும் அவரிடம் கேளுங்கள்.

வயரின் மறுமுனையில் இருப்பது இணையம். 1080 எச்டி படத்தை விநாடிக்கு 5 மெகாபிட்டில் அனுப்பினால் மணிக்கு இரண்டேகால் ஜிபி போகும். ஆனால் மைதானம் நிறையச் சனம் வந்து எல்லாரும் போனை நீட்டினால் ஏற்றும் வேகம் சரிந்துவிடும். வெறும் மைதானத்தில் சோதித்துவிட்டு "நல்ல சிக்னல்" என்று நம்பிய பலரைக் கண்டிருக்கிறேன். போட்டி நாளில், சனத்துக்கு நடுவே சோதிக்க வேண்டும். இரண்டு வேறு நிறுவனங்களின் சிம் கையில் இருக்கட்டும். பெரிய நிலையங்கள் பல சிம்களை ஒன்றாகச் சேர்த்து அனுப்பும் பையைத் தோளில் கொழுவிக்கொண்டு வருவதும் இதற்காகத்தான்.

இப்போது படிப்பு. தம்பி உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறார், நல்லது. கலைப்பிரிவு என்பதால், வெட்டுப்புள்ளி இடம்கொடுத்தால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலேயே ஊடகக் கற்கைகள் இருக்கிறது. கிடைத்தால் விடவேண்டாம். கிடைக்காவிட்டால் கொழும்பில் இலங்கை இதழியல் கல்லூரியும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனமும் இருக்கின்றன. அடுத்த அனுமதி எப்போது, எந்த மொழியில் என்று நானே கேட்டுச் சொல்கிறேன். நிலையத்தில் முழுநேர வேலை கிடைத்தால் கமராவை அவர்கள் தருவார்கள். பிரதேசச் செய்தியாளருக்குப் பெரும்பாலும் செய்திக்கு இவ்வளவு என்றுதான் காசு. அந்தக் காசில் அடைவுக் கடை வட்டி கட்ட முடியாது. நகையைத் தொட வேண்டாம் என்று நான் சொல்வது இந்தக் கணக்கைப் பார்த்துத்தான்.

முடிவு வரும்வரை இருக்கிற மாதங்களில் அவர் நேரலைக் குழு ஒன்றோடு வயர் சுற்றுகிறவராகப் போகட்டும். வயர் விரிக்க, பற்றரி மாற்ற, முக்காலி தூக்க என்று பத்துப் போட்டிக்குப் போனால் எந்தக் கமரா தனக்கு வேண்டும் என்று அவருக்கே கை சொல்லும். நடுவில் கேம்கோடர் ஒன்றை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, பின்னேரம் நாலு மணிக்கு, வெயில் முகத்தில் அடிக்கிற பக்கத்தில் நின்று ஒரு முழு ஆட்டத்தை வெட்டாமல் எடுத்து வரச் சொல்லுங்கள். அந்தக் கார்டோடு இரண்டு பேரும் என்னிடம் வாருங்கள். மூன்று பேரும் இருந்து தொடக்கம் முதல் கடைசி வரை பார்ப்போம்.