நாயகனுக்குப் பக்கத்தில் நிற்பவர்கள்: வாசகர் கேள்வி, என் பதில்

துணைப் பாத்திரங்களின் கண் வழியே சொல்லப்படும் மங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை), அனிமே (ஜப்பானிய அசைபடம்) பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்பதால் சில பதில்கள் நீண்டுவிட்டன. கதை முடிவுகளும் அங்கங்கே வருகின்றன. பார்க்காத படம் என்றால் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

கேள்வி: ‘ஸ்லாம் டங்க்’ மங்காவைத் திரும்பத் திரும்பப் படிப்பவன் நான். 2022இல் வந்த ‘தி ஃபர்ஸ்ட் ஸ்லாம் டங்க்’ படத்தில் சகுராகியை ஓரமாக நிறுத்திவிட்டு மியாகியை நடுவில் கொண்டுவந்துவிட்டார்கள். இது நியாயமா?

நியாயம்தான். உங்கள் வருத்தமும் புரிகிறது. 1990 முதல் 1996 வரை ஷோனென் ஜம்ப் வார இதழில் வந்து 31 தொகுதிகளாக நிறைந்த அந்த மங்கா, பள்ளிக் கூடைப்பந்து அணியில் புதிதாகச் சேரும் ஹனமிச்சி சகுராகியின் கதை. ஆனால் கோணத்தை மாற்றியவர் வெளியாள் இல்லை. மங்காவை எழுதி வரைந்த தகேஹிகோ இனோவேதான் படத்துக்கும் திரைக்கதை எழுதி இயக்கினார்.

அவன் ஆடும் ஷோஹோகு பள்ளி அணியின் ஐந்து பேரை நினைத்துப் பாருங்கள். அககிக்கு நாடு முழுவதையும் வெல்லும் கனவு இருக்கிறது. மித்சுயிக்கு முழங்கால் காயமும், அதனால் தடம் மாறிப்போன காலமும் இருக்கின்றன. ரியோதா மியாகிக்கு என்ன இருந்தது? 168 செ.மீ. உயரம், 7ஆம் எண் சட்டை, வேகமான கால், அயகோ மேல் ஒரு காதல். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றுகூட நமக்குத் தெரியாது.

சன்னோ பள்ளியுடனான ஆட்டம் எப்படி முடியும் என்பது மங்கா படித்த எல்லோருக்கும் தெரியும். அதனால் ‘யார் ஜெயிப்பார்கள்’ என்ற கேள்வியை வைத்துக்கொண்டு மட்டும் அந்தப் படத்தை எடுத்திருக்க முடியாது. இனோவே ஒகினாவாவுக்குப் போகிறார். அப்பா இறந்த வீட்டில், இனிமேல் இந்தக் குடும்பத்துக்கு நான்தான் கேப்டன் என்று அண்ணன் சோதா சொல்கிறான். தம்பிக்குப் பந்தாட்டம் கற்றுக்கொடுப்பவனும் அவன்தான். ஒருநாள் படகில் மீன் பிடிக்கப் போகிறான், திரும்பி வரவில்லை. சன்னோ ஆட்டத்துக்கு முன்னால் ரியோதா அம்மாவுக்குக் கடிதம் எழுத உட்காரும் காட்சி ஞாபகம் இருக்கிறதா? உயிரோடு இருப்பது நானாகிப் போனதற்கு மன்னித்துவிடு என்ற பொருளில் ஒரு வரி எழுதுகிறான். அந்தத் தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு வேறு மாதிரி எழுதுகிறான். அம்மா படிக்கப்போவது இரண்டாவது கடிதத்தை. நாம் மட்டும்தான் முதல் வரியைப் பார்த்தவர்கள்.

அப்புறம் சன்னோ அணி முழு மைதானத்திலும் நெருக்கிப் பிடிக்கும் கட்டம் வருகிறது. நெடுநெடுவென்று இருக்கும் இரண்டு பேர் மியாகியை மடக்குகிறார்கள். அவன் உடம்பைத் தரையோடு தாழ்த்திப் பந்தைத் தட்டிக்கொண்டே இருவருக்கும் நடுவில் புகுந்து வெளியே வருகிறான். மங்காவிலும் இதே காட்சி உண்டு. அங்கே அது ஒரு நல்ல ஆட்டக்காரனின் சாமர்த்தியம். படத்தில், சின்ன வயதிலிருந்தே தன்னைவிட உயரமான அண்ணனை எதிர்த்து ஆடி ஆடிப் பழகிய பையனைப் பார்க்கிறோம். ஒரே காட்சி, ஆனால் எனக்கு இரண்டாவது முறைதான் கண் கலங்கியது.

சகுராகிக்கு எதுவும் குறையவில்லை. முதுகில் அடிபடுவதும் கடைசிக் கூடையும் அவனுடையவையாகவே இருக்கின்றன. மியாகியின் பக்கத்திலிருந்து பார்க்கும்போது, ஆட்டத்துக்கு வந்து சில மாதங்களே ஆன ஒரு முரட்டுப் பையன் எவ்வளவு பெரிய பலமாக இருந்திருப்பான் என்பது இன்னும் நன்றாகத் தெரிகிறது.

கேள்வி: துணைப் பாத்திரத்தின் கோணம் என்றால் ஸ்பின்-ஆஃப் (கிளைக்கதை) என்றுதானே அர்த்தம்? அவற்றில் பெரும்பாலானவை எனக்குச் சலிப்பாக இருக்கின்றன.

எனக்கும்தான். ரசிகர்களுக்குப் பிடித்த ஒருவரின் சின்ன வயதுக் கதையை எடுத்து, அவர் ஏன் இப்படி ஆனார் என்று விளக்கிவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். நான் வைத்திருக்கும் உரைகல் ஒன்றுதான்: நாயகன் அந்த ஊருக்கே வராமல் போயிருந்தாலும் இந்த ஆளுக்கு வேண்டியது, பயப்படுவது என்று ஏதாவது இருந்திருக்குமா? இருந்தால் படிக்கலாம்.

‘கைஜி’ மங்காவில் கடனாளிகளை உயிர்ச் சூதாட்டத்தில் தள்ளும் தோனெகாவாவை எடுத்துக்கொள்ளுங்கள். கைஜிக்கு அவர் அரக்கன். 2015இல் தொடங்கிய அவருடைய தனி மங்காவில் அவர் ஓர் இடைநிலை மேலாளர். மேலே கிழட்டுத் தலைவரின் முகம் கோணாமல் புதுச் சூதாட்டம் யோசிக்க வேண்டும். கீழே, ஒரே மாதிரி கறுப்பு கோட்டும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட ஆட்களின் பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சிரித்துக்கொண்டே படிப்போம். ஆனால் அந்தக் கூட்ட அறையின் புழுக்கம் உண்மையானது. மூலக்கதையில் வரும் கொடுமைகள் கூட்டம் போட்டு, குறிப்பெடுத்து, ஒப்புதல் வாங்கி நடந்தவை என்று தெரிந்துகொள்வது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

பழைய ஆட்டத்தையே மறுபடி காட்டினாலும் பரவாயில்லை, யார் கண்ணால் காட்டுகிறார்கள் என்பது முக்கியம். 2024இல் வந்த ‘ஹைக்யூ’ வாலிபால் படத்தில் கடைசிப் பந்து பரிமாற்றத்தை எதிரணியின் கென்மாவின் கண் வழியாகவே காட்டுவார்கள். எதிலும் பெரிதாக ஆசை வைக்காத, உடம்பு நோகப் பிடிக்காத பையன் அவன். அவன் மூச்சு வாங்குவது கேட்கிறது, பந்து வருகிறது, கைகள் மேலே போகின்றன. வியர்வையில் பந்து வழுக்கி விழுகிறது, ஆட்டம் முடிகிறது. அந்தச் சில நிமிடங்களில் தோற்றவன்தான் எனக்குச் சொந்தமானான். அதே 2024இல் வந்த ‘ப்ளூ லாக்: எபிசோட் நாகி’ கால்பந்துப் படத்தில் நாகிக்கும் ரியோவுக்கும் இடையிலான தொடக்கம் அழகு. மூலக்கதையோடு சேர்ந்த பிறகு, ஏற்கெனவே பார்த்த ஆட்டங்களை அவசர அவசரமாக ஓட்டிவிட்டார்கள். அந்த ஏமாற்றம் இன்னும் எனக்கு இருக்கிறது.

கேள்வி: ‘ப்ளூட்டோ’ பார்க்க ‘ஆஸ்ட்ரோ பாய்’ படித்திருக்க வேண்டுமா?

கட்டாயம் இல்லை. ஆனால் நேரம் இருந்தால் அந்த ஒரு கதையை மட்டும் படித்துவிட்டு வாருங்கள். ஒசாமு தெசுகா 1964இல் தொடங்கிய ‘உலகிலேயே வலிமையான ரோபோ’ கதை அது. வலிமை மிக்க ரோபோக்களை ஒவ்வொன்றாக ப்ளூட்டோ அழித்துக்கொண்டே வரும். நாயகன் ஆடோம், அதாவது ஆஸ்ட்ரோ பாய், எப்போது சண்டை போடுவான் என்று நாம் காத்திருப்போம். அழியும் ரோபோக்களில் கெசிக்ட் என்ற ஜெர்மன் துப்பறியும் ரோபோவும் ஒன்று. வருவதும் தெரியாது, போவதும் தெரியாது.

நவோகி உரசாவா 2003 முதல் 2009 வரை வரைந்த ‘ப்ளூட்டோ’வின் 8 தொகுதிகளில் அந்தக் கெசிக்ட்தான் நம்மைக் கூட்டிக்கொண்டு போகிறான். நாம் காத்திருக்கும் ஆடோம் முதல் தொகுதியின் கடைசியில்தான் தலைகாட்டுகிறான், அதுவும் மழையில் நிற்கும் ஒரு சாதாரணப் பையனாக.

நான் சொல்ல விரும்புவது தொடக்கத்தில் வரும் ஒரு சின்ன இடம். ரோந்துப் பணியில் இருந்த ராபி என்ற போலீஸ் ரோபோ அழிந்துவிடுகிறது. அந்தச் செய்தியைச் சொல்ல கெசிக்ட் அதன் மனைவியிடம் போகிறான். மனித முகம் கொண்ட ரோபோ இல்லை அவள். பழைய மாதிரி, வீட்டு வேலைக்குச் செய்த உருவம், உலோக முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்ட முடியாது. கணவனைப் பற்றிய நினைவை வேண்டுமானால் அழித்துவிடலாம் என்கிறான் கெசிக்ட். வேண்டாம் என்கிறாள். உரசாவா அந்த அசையாத முகத்தையே வரைந்து வைத்திருக்கிறார். நாம்தான் அதில் துக்கத்தைப் பார்க்கிறோம். பழைய கதையின் துணைப் பாத்திரத்தை நாயகனாக்கியவர், அவனை விடவும் ஓரத்தில் இருக்கும் ஒருத்திக்காகப் பக்கங்களை ஒதுக்கியிருக்கிறார். இந்தக் கதை வகையிலேயே எனக்கு ஆகப் பிடித்த இடம் இது.

2023இல் நெட்ஃபிளிக்ஸில் 8 பாகங்களாக வந்த அனிமேயும் மூலத்தைக் கெடுக்கவில்லை. நேரடியாக அதையே பார்த்தாலும் சரிதான்.

கேள்வி: ஃப்ரீரன் துணைப் பாத்திரமா, நாயகியா? நானும் என் தோழியும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

இருவர் சொல்வதும் சரி. பேய் அரசனைக் கொல்லும் வீரன் ஹிம்மல், கூடப் போகும் மந்திரக்காரி ஃப்ரீரன் என்றுதான் வழக்கமான கதை இருந்திருக்கும். அந்தக் கதை முடிந்த இடத்தில், ‘ஃப்ரீரன்’ மங்காவைப் படைத்த கனெஹிதோ யமதாவும் த்சுகாசா அபேயும் ஆரம்பிக்கிறார்கள். பத்து வருடப் பயணம் முடிந்து இன்னும் ஐம்பது வருடம் போய், ஹிம்மல் கிழவனாகி இறக்கிறான். ஆயிரம் வருடத்துக்கு மேல் வாழ்ந்த அவளுக்கு அந்தப் பத்து வருடம் ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை. சவ அடக்கத்தின்போது, அவனைப் பற்றித் தெரிந்துகொள்ள ஏன் முயலவில்லை என்று அழுகிறாள். கதை முழுக்க அவள்தான் வருகிறாள், ஆனால் தேடுவது அவனை. சண்டையை நிறுத்திவிட்டு இருவரும் சேர்ந்து இன்னொரு முறை பாருங்கள்.

கேள்வி: ‘லிஸ் அண்ட் தி ப்ளூ பேர்ட்’ பார்த்தேன். அது ‘சவுண்ட்! யூஃபோனியம்’ தொடரின் கிளை என்று பிறகுதான் தெரிந்தது. எதையாவது தவறவிட்டேனா?

பெரிதாக இல்லை. நவோகோ யமதா 2018இல் இயக்கிய அந்தப் படம் தன் காலில் நிற்கிறது. பள்ளி இசைக்குழுவில் ஓபோ என்ற ஊதுகுழல் வாசிக்கும் மிசோரேயும் புல்லாங்குழல் வாசிக்கும் நொசோமியும் தொடரில் ஓரமாக வருபவர்கள். தொடரின் நாயகி குமிகோ இந்தப் படத்தில் அங்கங்கே மட்டும் தென்படுவாள். குமிகோவும் அவள் தோழி ரெய்னாவும் பள்ளிக் கட்டடத்துக்கு வெளியே நின்று, மிசோரேயும் நொசோமியும் பயிலும் அதே பாடலின் இருவர் பகுதியைத் தங்கள் வாத்தியங்களில் வாசிப்பார்கள். மிசோரேயும் நொசோமியும் உள்ளேயிருந்து கேட்பார்கள். தொடர் பார்த்தவருக்கு அந்த இடம் இன்னும் கொஞ்சம் கனமாக இருக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: நானே ஒரு மங்கா வரைகிறேன். நாயகனின் நண்பன்தான் கதை சொல்கிறான். ஆனால் பத்துப் பக்கம் போனதும் மறுபடி நாயகனின் கதையாகிவிடுகிறது. என்ன செய்வது?

பெரிய கட்டங்களை யாருக்குக் கொடுத்திருக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள். நாயகன் வாளை ஓங்கும் இடத்துக்கு இரண்டு பக்கத்தை விரித்துவிட்டு, நண்பனின் முகத்தை மூலையில் தபால்தலை அளவுக்கு வைத்தால் கதை அவன் கையைவிட்டுப் போய்விடும். அந்தச் சண்டையை நண்பன் முழுதாகப் பார்த்திருக்கவே முடியாது, இல்லையா? அவன் அந்த நேரத்தில் கதவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டோ, அடிபட்டவரை இழுத்துக்கொண்டோ இருந்திருப்பான். அதை வரையுங்கள். சண்டை சத்தமாக மட்டும் வரட்டும்.

அவனுக்குத் தெரியாததை அவனைச் சொல்ல வைக்காதீர்கள். நாயகன் இல்லாத ஓர் இரவை முழு அத்தியாயமாக எழுதிப் பாருங்கள். அந்த இரவில் எழுத எதுவும் கிடைக்கவில்லை என்றால், நண்பனுக்கு இன்னும் உயிர் வரவில்லை. ‘ஹருஹி சுசுமியா’வில் கதை சொல்லும் கியோனைக் கவனியுங்கள். அவன் உண்மைப் பெயரைக்கூட நமக்குச் சொல்வதில்லை. ஆனாலும் அவன் அலுப்பும் முணுமுணுப்பும் ஒவ்வொரு வரியிலும் இருப்பதால், ஹருஹி எவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்தாலும் கதை அவன் குரலில்தான் நிற்கிறது. உங்கள் நண்பன் எதைக் கண்டு எரிச்சல்படுவான் என்று முடிவு செய்துவிட்டு முதல் பக்கத்தைத் திரும்ப வரையுங்கள். முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், ஆசையோடு படிப்பேன்.

கேள்வி: பதினொரு வயது மகளோடு சேர்ந்து படிக்க ஒன்று சொல்லுங்கள். வன்முறை வேண்டாம்.

‘ஹிகாரு நோ கோ’. யுமி ஹொத்தா எழுதி தகேஷி ஒபாதா வரைந்தது, மொத்தம் 23 தொகுதிகள். கோ விளையாட்டின் விதிகள் தெரியாமலே படிக்கலாம். 18ஆம் தொகுதி முழுக்கத் துணைப் பாத்திரங்களின் சிறுகதைகள். அதில் நாசே என்ற பெண்ணின் கதையை மகளையே சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு பையனோடு ஊர் சுற்றப் போன நாளிலும் அவளுக்குக் கோ பலகையை விட்டு விலக முடியவில்லை. வரிசை மாற்றாமல் முதல் தொகுதியிலிருந்து போனால்தான் அந்த 18ஆம் தொகுதியில் வருபவர்கள் எல்லோரும் ஏற்கெனவே தெரிந்தவர்களாக இருப்பார்கள்.