ஆற்றோரம்: கேள்வி பதில்

கே: என் மகள் இங்கிலாந்தில் இருக்கிறாள். மாப்பிள்ளை தை மாதக் குளிரிலும் ஆற்றுக்குப் போய், பெர்ச் என்று ஒரு வரிபோட்ட மீனைப் பிடித்துப் படம் அனுப்புகிறார். நான் பவானி ஆற்றில் விடியற்காலையிலேயே போய் உட்கார்ந்தாலும் தக்கை அசைய மாட்டேன் என்கிறது. குளிரில் மீன் இரை எடுக்குமா, எடுக்காதா?
- வாசகர், அத்தாணி

ப: எடுக்குமுங்க. ஆனால் இரையைத் தேடி வராது. தண்ணீர் குளிர்ந்தால் மீனின் உடம்பும் குளிர்ந்துவிடும். செரிமானம் மந்தமாகும், பசி குறையும். இழுப்பை எதிர்த்து நீந்தாமல், ஆழமாகத் தேங்கிய இடமாகப் பார்த்து ஒதுங்கிவிடும். மாப்பிள்ளை அந்த இடம் பார்த்து இரையை இறக்குகிறார். பெர்ச் பனிக்காலத்தில் மரவேர், பாலத்தூண், கட்டிப்போட்ட படகு ஓரமாகக் கூட்டமாக நிற்கும். ஒன்று மாட்டிய இடத்தை விட்டு நகரக் கூடாது. மண்புழு என்றால் அதற்கு உயிர். புழுவை ஆழமாக விழுங்கிவிடும் என்பதால், தக்கை முங்கியதுமே தூண்டிலைச் சுண்ட வேண்டும். பிடித்ததைத் திரும்ப ஆற்றில் விடுகிறவர் என்றால் இதை அவசியம் சொல்லுங்கள். அங்கே மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை ஆறுகளில் இந்த வகை மீன்களுக்குத் தூண்டில் போடத் தடை. அதனால்தான் குளிரைப் பார்க்காமல் போகிறார்.

உங்களுக்குப் பெரும்பாலும் மாட்டப்போவது ஜிலேபி. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மீன், 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். வெதுவெதுப்பான தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும். அதனால் மார்கழி, தையில் விடியற்காலை வேண்டவே வேண்டாம். சாப்பிட்டுவிட்டு, வெயில் ஏறிய பிறகு சாவகாசமாகப் போங்கள். பவானி மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. இந்த மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். தென்கரை மரநிழல் அந்தக் கரையோரத்திலேயே விழுந்து கிடக்கும், வடகரை ஓரத்துத் தண்ணீர்தான் வெயில் வாங்கும். அங்கே இழுப்பில்லாத மடுவாகப் பாருங்கள்.

தெர்மோகோல் துண்டைத் தக்கையாகக் கட்டாதீர்கள். குளிரில் மீன் லேசாகத்தான் தொடும், அந்த மிதப்பில் ஒன்றும் தெரியாது. மயிலிறகுத் தண்டு ஒரு விரல் நீளம் போதும். மெல்லிய தங்கூசி நரம்பு, சின்னத் தூண்டில் முள். சாணிக் குப்பையில் கிடைக்கும் பொடிப்புழுவில் பாதி, வால் நெளியும்படி கோத்து, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நிற்கவையுங்கள். தண்டு முங்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். சாய்ந்தாலோ, பக்கவாட்டில் நகர்ந்தாலோ சுண்டுங்கள்.

கொடிவேரிப் பக்கம் போனால் அணைக்குக் கீழே பாறையில் நிற்காதீர்கள். பாசி வழுக்கும், தண்ணீரும் திடீரென்று கூடும். கரையிலேயே உட்காருங்கள்.

கே: ஜிலேபியை முள்ளிலிருந்து கழற்றும்போதெல்லாம் கையில் குத்திவிடுகிறதே, அண்ணா?
- வாசகி, பவானி

ப: வால் பக்கமிருந்து பிடிக்கிறீர்கள், அம்மிணி. கையை நனைத்துக்கொண்டு, தலைப்பக்கமிருந்து வாலை நோக்கித் தடவிக்கொண்டே வந்தால் முதுகுத் துடுப்புமுள் மடங்கிப் படுத்துக்கொள்ளும். அப்படியே அழுத்திப் பிடித்து, மறு கையால் தூண்டில் முள்ளை வந்த வழியே தள்ளி எடுங்கள். குத்திவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மறுநாளும் வீக்கம் இருந்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.