நர்ஸ் வேலையை விட்றாதம்மா

கேள்வி: அக்கா, எனக்கு சொந்த ஊர் குடியாத்தம். வேலூர்ல பி.எஸ்சி நர்சிங் முடிச்சிட்டு மால்டால நாலு வருஷம் வார்டு நர்ஸா இருந்தேன். கல்யாணம் ஆகி இப்போ வீட்டுக்காரரோட ஜெர்மனில ஸ்டுட்கார்ட் வந்துட்டேன், அவருக்கு ப்ளூ கார்டு, அதாவது படிச்சவங்க வேலை பார்க்க குடுக்கிற பர்மிட். ஐரோப்பால வேலை பார்த்தவ தானே, இங்கயும் அப்படியே சேர்ந்துக்கலாம்னு பார்த்தா, போற எடத்துல எல்லாம் ஜெர்மன் தெரியுமா, அனர்கென்னுங்ன்ற படிப்பு அங்கீகாரம் இருக்கான்னு கேக்குறாங்க. காட்பாடில ஒரு ஏஜென்ட் 2 லட்சம் குடுத்தா முடிச்சு தரேன்றார். இவரோட ஃப்ரெண்டு எதுக்கு வம்பு, வேர்ஹவுஸ்ல சேர்ந்துடுன்றார். என்ன பண்றது?
- குடியாத்தம் வாசகி

பதில்: முதல்ல ஒரு நல்ல சேதி. ப்ளூ கார்டு வச்சிருக்கவரோட மனைவிக்கு ஜெர்மனில எந்த வேலையும் பார்க்க அனுமதி உண்டு. உன் கார்டுலயோ கூட குடுத்த பேப்பர்லயோ 'எர்வெர்ப்ஸ்டேட்டிக்கைட் எர்லாப்ட்'னு, அதாவது வேலை பார்க்கலாம்னு, போட்டிருக்கான்னு எடுத்து பாரு, அதான் அந்த அனுமதி. மால்டா பர்மிட் மட்டும் வச்சிக்கிட்டு ஜெர்மனில வேலை பார்க்க முடியாதும்மா. நெறைய பேர் ஒரு நாட்டு கார்டு இருந்தா ஐரோப்பா முழுக்க வேலை பார்க்கலாம்னு நம்பிக்கிட்டு போய் மாட்டிக்கிறாங்க. உனக்கு அந்த கவலை இல்ல.

ஆனா நர்ஸ்ன்றது அங்க சட்டத்துல கட்டுப்பாடு உள்ள தொழில். உன் படிப்பை அவங்க படிப்போட ஒப்பிட்டு பார்த்து சரின்னு எழுதி குடுக்கணும், அதான் அனர்கென்னுங். நீ இருக்கிற மாநிலத்துக்கு ஸ்டுட்கார்ட்லயே இருக்கிற ரெகியருங்ஸ்ப்ரெசீடியும் ஆபீஸ்தான் அதை பார்க்குது, நீயே அப்ளை பண்ணலாம், செலவு சில நூறு யூரோ தான் வரும். டிகிரி, மார்க் ஷீட், எந்த பாடம் எத்தனை மணி நேரம்னு காலேஜ் குடுக்கிற டிரான்ஸ்கிரிப்ட், தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் ரிஜிஸ்ட்ரேஷன், இதெல்லாம் வேணும், மொழிபெயர்ப்பு கோர்ட் அங்கீகாரம் இருக்கிறவர்கிட்ட தான் பண்ணணும். மால்டா ஆஸ்பத்திரில எந்த வார்டு, வாரம் எத்தனை மணி, என்னென்ன வேலைன்னு விவரமா சர்டிபிகேட் வாங்கிடு, உன் மேல புகார் எதுவும் இல்லன்னு மால்டா நர்சஸ் கவுன்சில்ல குட் ஸ்டாண்டிங் லெட்டரும் வாங்கு. படிப்புல குறையிற எடத்தை வேலை அனுபவத்தால ஈடு கட்டலாம்னு அவங்க சட்டத்துலயே இருக்கு, அதனால அந்த நாலு வருஷத்தை வெறும் ஒரு வரியா எழுதி விட்றாத.

பேப்பர் எல்லாம் முழுசா சேர்ந்த பிறகு சில மாசத்துல பதில் வரும். பெரும்பாலும் இன்னின்னது குறையுதுன்னு ஒரு லெட்டர் தான் வரும், பயந்துடாத, நம்ம பொண்ணுங்க நெறைய பேருக்கு அப்படித்தான் வருது. அதுக்கப்புறம் ரெண்டு வழி, ஒண்ணு பரீட்சை, இல்லன்னா ஆஸ்பத்திரிலயே ட்ரெய்னிங். பரீட்சைன்னா வாய்மொழியும் இருக்கும், நேரா ஒரு நோயாளியை பார்த்துக்கிறதும் இருக்கும், ரெண்டுமே ஜெர்மன்ல.

இங்க தான் நம்மவங்க தடுமாறுறாங்க. நம்ம ஊர்ல நோயாளியை குளிப்பாட்டி சாப்பாடு ஊட்டறது கூட இருக்கிற சொந்தக்காரங்க, இல்லன்னா ஆயாம்மா, நர்ஸ்னா ஊசி, டிரிப்பு, சார்ட்டு. அங்க தலைக்கு ஊத்தறதுலேருந்து பல்லு செட்டு கழட்டி கழுவறது வரைக்கும் நர்ஸ் வேலை தான், டிரிப்புக்கு ஊசி போடறது பல எடத்துல டாக்டர். டிகிரி படிச்சவளை இதை செய்யச் சொல்றாங்களேன்னு மனசு வலிக்கும், ஆனா உடம்பு துடைக்கும்போது முதுகுல புண்ணு வர்ற எடத்தை முதல்ல பார்க்கிறது நீ தானே, அதை ஷிப்ட் மாத்தும்போது அடுத்தவளுக்கு சரியா சொல்ல ஜெர்மன் வேணும். ஜெர்மன்ல பி2ன்ற லெவல் கேக்குறது அதுக்குத்தான். அதுக்கு முந்தின படியான பி1 முடிச்சதும் வேலைக்கான மொழி வகுப்பு அரசாங்கமே நடத்துது, ஆர்பைட்ஸ்அகென்டூர்ன்ற அரசு வேலைவாய்ப்பு ஆபீஸ்ல வேலை தேடறவளா பதிவு பண்ணிட்டு கேளு.

வேர்ஹவுஸுக்கு நான் சம்மதிக்க மாட்டேன். ஒரு வருஷம்னு போறவங்க அஞ்சு வருஷம் ஆனாலும் அங்கயே இருக்காங்க, கை பழக்கமும் விட்டுப் போயிடும். பேப்பர் நடக்கிற வரைக்கும் முதியோர் இல்லத்துலயோ ஆஸ்பத்திரிலயோ உதவியாளரா சேரு. 2025 ஜூலைல முதியோர் பராமரிப்புக்கு நிர்ணயிச்ச குறைஞ்சபட்ச சம்பளமே உதவியாளருக்கு மணிக்கு 16.10 யூரோ, தகுதி பெற்ற நர்சுக்கு 20.50. கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் கூட நின்னு பார்க்க விடுவாங்க, ஹோஸ்பிடேஷன்னு கேளு. அனர்கென்னுங் வந்ததும் நர்ஸா மாத்தி சம்பளம் ஏத்துவோம்னு கான்ட்ராக்ட்ல எழுதி வாங்கிக்கோ, வாய்ப்பேச்சை நம்பாத.

காட்பாடி ஏஜென்டுக்கு ஒரு பைசா குடுக்க வேணாம். நீ ஜெர்மனில இருக்க, இந்த அப்ளிகேஷனுக்கு அவர் தேவையே இல்ல, ஐ.க்யூ நெட்வொர்க்னு அங்கயே இலவசமா ஆலோசனை சொல்ற எடம் இருக்கு. வேலூர்லேருந்து புதுசா கிளம்பற பொண்ணுங்களும் தெரிஞ்சிக்கோங்க, பதிவு பண்ணின ஏஜென்ட் வாங்கக்கூடிய சர்வீஸ் சார்ஜ் 30,000 ரூபாயும் அதுக்கு ஜி.எஸ்.டி-யும் தான், பதிவு இருக்கா இல்லையான்னு மத்திய அரசோட இமைக்ரேட் சைட்லயே பார்க்கலாம். உன் டிரான்ஸ்கிரிப்ட்டுக்கு அப்பாவை காலேஜ் ஆபீசுக்கு இந்த வாரமே போகச் சொல்லு, லேட் ஆகறது பெரும்பாலும் அங்க தான்.