வாசலில் மூன்று படி: சக்கர நாற்காலிக்கு வீட்டை மாற்ற உதவி உண்டா?

கேள்வி: என் வீட்டுக்காரர் தென்னை ஏறும் தொழிலாளி. போன வருஷம் மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடி. இப்போது சக்கர நாற்காலிதான். நான் அண்டி ஆபீசில் (முந்திரி ஆலையில்) வேலை பார்க்கிறேன். வீட்டு வாசலில் மூன்று படி. எங்களுக்கென்று கழிப்பறை கிடையாது, பக்கத்தில் மைனி வீட்டில்தான் போகிறோம். ராம்ப், கழிப்பறை, கதவு எல்லாம் சேர்த்து ஒன்றே முக்கால் லட்சம் ஆகும் என்கிறார் கொத்தனார். அரசு உதவி கிடைக்குமா? இல்லை, வாரக் குழுவில் கடன் எடுக்கட்டுமா?
– ஒரு வாசகி, கிள்ளியூர் ஒன்றியம்

பதில்: வாரக் குழுக் கடன் வேண்டாம், சகோதரி. படி இடிக்கும் முன்பே தவணைக்காரர் வாசலில் வந்து நிற்பார்.

ஊராட்சி ஒன்றியத்தில் ஓவர்சியராக இருந்தவன் என்பதால் சொல்கிறேன். ‘வீட்டை மாற்ற ஒன்றே முக்கால் லட்சம் வேண்டும்’ என்று மொத்தமாக எழுதும் மனுவை எந்த மேசையும் தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளாது. கழிப்பறை, சாய்தளம், நாற்காலி என்று பிரித்துக் கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் இருக்கிறது.

அவருக்கு யுடிஐடி அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிக்கான தனி அடையாள அட்டை, வாங்கியாச்சா? இல்லையென்றால் முதல் வேலை அதுதான். அப்புறம் நாகர்கோவிலில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போய், மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு மனு கொடுங்கள். குடும்ப வருமானம் மாதம் 22,500 ரூபாய்க்குள் என்றால் மத்திய அரசின் உதவி உபகரணத் திட்டத்தில் சக்கர நாற்காலி இலவசம். மாற்றுத்திறனாளிகளுக்கான ‘தமிழ்நாடு உரிமைகள்’ திட்டத்தின் களப்பணியாளர் கணக்கெடுக்க வந்தால், வாசல் படியையும் கழிப்பறை இல்லாததையும் சொல்லிக் குறிக்கச் சொல்லுங்கள்.

கழிப்பறைக்குத் தூய்மை பாரதம் திட்டத்தில் 12,000 ரூபாய் உண்டு. வறுமைக்கோட்டுப் பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் மாற்றுத்திறனாளி இருக்கும் குடும்பம் கேட்கலாம். ஊராட்சிச் செயலரிடம் மனு கொடுங்கள். அந்தப் பணத்தில் கழிப்பறை முடியாது, ஆனால் குழியும் பீங்கானும் ஓரளவு தேறும்.

மீதிக்கு உங்கள் பி.எஃப். இருக்கிறதே! வீட்டைக் கட்டவும் மாற்றவும் அதிலிருந்து பணம் எடுக்கலாம். திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. வீடு உங்கள் பெயரிலோ அவர் பெயரிலோ இருக்க வேண்டும். மாமனார் பெயரிலேயே கிடக்கிறது என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். நம்மூரில் பாதி மனு பட்டாவில்தான் சிக்கிக் கிடக்கும். இன்னொன்று: அவர் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருந்தாரா? தென்னை வளர்ச்சி வாரியத்தின் ‘கேரா சுரக்‌ஷா’ காப்பீட்டில் சேர்ந்திருந்தாரா? பழைய அட்டைகளைத் தேடிப் பாருங்கள். இரண்டிலும் விபத்து ஊனத்துக்குப் பணம் உண்டு. தாமதமானால் அதையே காரணம் காட்டுவார்கள், அதனால் இந்த வாரமே விசாரியுங்கள்.

இனி கொத்தனார் விஷயம். அவர் சாய்தளத்தில் ஆரம்பிப்பார், வெளியே தெரியும் வேலையாயிற்றே. நீங்கள் கழிப்பறையை முதலில் முடியுங்கள். நான்கு பேர் பிடித்தால் நாற்காலியைப் படியில் இறக்கிவிடலாம். நடுராத்திரி மைனி வீட்டுக் கதவைத் தட்ட முடியுமா? படுக்கை அறையை ஒட்டியே கட்டுங்கள். கதவு மூன்றடி அகலம், வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே அவர் சரிந்து விழுந்தால், உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது. பீங்கான் இருக்கை நாற்காலி இருக்கையின் உயரத்துக்கே இருந்தால் நகர்ந்து உட்காரலாம். கைப்பிடிக் குழாயை டைல்ஸில் ஸ்க்ரூ போட்டு நிறுத்தக் கூடாது; அவருடைய முழுப் பாரமும் அதில்தான் தொங்கும். சுவரைத் துளைத்து மறுபக்கம் போல்ட் போடச் சொல்லுங்கள். நம் உப்புக் காற்றுக்கு எவர்சில்வர் குழாய்தான் நிற்கும்.

சாய்தளத்துக்குக் கணக்கு இதுதான்: ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம். மூன்று படி ஒன்றரை அடி என்றால் 18 அடி வேண்டும். “எட்டடி போதும்” என்று கொத்தனார் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அவ்வளவு செங்குத்தில் நீங்கள் தள்ளவும் முடியாது, அவர் தனியாக இறங்கவும் முடியாது. முற்றம் சிறியது என்றால் வீட்டுச் சுவரை ஒட்டித் திருப்பலாம், திரும்பும் இடத்தில் ஐந்தடிக்கு ஐந்தடி சமதளம் விட்டால் சரி. டைல்ஸ் வேண்டாம். சிமென்ட் காயும் முன் வாரியலால் (துடைப்பத்தால்) குறுக்கே கோடு இழுத்துவிட்டால் ஐப்பசி மழையிலும் சக்கரம் வழுக்காது.

கழிப்பறைக்குத் தனி, சாய்தளத்துக்குத் தனி என்று ஒரு பொறியாளரிடம் மதிப்பீடு எழுதி வாங்குங்கள். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கும்போது அதையும் வைத்து, ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள். அவர் வாசலில் பெட்டிக்கடை போட நினைத்தால் அதற்குத் தேசிய மாற்றுத்திறனாளிகள் நிதிக் கழகத்தின் குறைந்த வட்டிக் கடன் இருக்கிறது. கூட்டுறவு வங்கியில் கேளுங்கள். அடுக்களை மேடையை இறக்குவதெல்லாம் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.