ஒரே கார்வோன், இரண்டு வாசம்

கேள்வி: மகள் மூலக்கூறு நிறமாலையியலில் ஆராய்ச்சி செய்யப் போகிறாளாம். 'கைரல்' என்கிறாள். என்ன அது? வேலை கிடைக்குமா?
- வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: தேக்காவில் புதினா வாங்கும்போது சதகுப்பை விதையும் கொஞ்சம் வாங்கிக் கசக்கி முகர்ந்து பாருங்கள், அம்மா. இரண்டிலும் மணப்பது கார்வோன் என்ற மூலக்கூறுதான். அணுக்கள், பிணைப்புகள் எல்லாம் ஒன்றே. ஆனால் வலது, இடது செருப்பு மாதிரி ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். இதைத்தான் 'கைரல்' என்கிறாள் உங்கள் மகள். மூலக்கூறு எந்த ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்ப்பதுதான் நிறமாலையியல். ஆனால் இந்த இரண்டையும் மூக்கு கண்டுபிடித்துவிடும், சாதாரண அகச்சிவப்புக் கருவி கோட்டைவிடும். இடப்பக்கம் சுழலும் ஒளி, வலப்பக்கம் சுழலும் ஒளி என்று மாற்றி மாற்றிப் பாய்ச்சினால்தான் பிடிபடும். அப்போதும் உறிஞ்சும் அளவில் வித்தியாசம் 10,000-இல் ஒரு பங்கோ, அதற்கும் கீழோ! ஓய்வு பெறும்வரை அந்த வித்தியாசத்தைக் காட்டும் நடுங்கும் வரைகோட்டோடுதான் மல்லுக்கட்டினேன். பொறுமையில்லாத பிள்ளைக்கு ஒத்துவராது. வேலையா? மருந்துக்கு எந்தக் 'கை', அதாவது இட வடிவமா வல வடிவமா என்பது முக்கியம்; மருந்து ஆலைகள் துவாஸிலேயே இருக்கின்றன.