தொலைந்துபோன பிறப்புச் சான்றிதழுக்குச் சான்றிட்ட நகல் வாங்குவது எப்படி?

1989-ல் தமிழ்நாட்டில் பிறந்தவர், வீடு மாறியதில் சான்றிதழ் தொலைந்துவிட்டது, இப்போது வேறு மாவட்டத்தில் வேலை, விசாவுக்குச் சான்றிட்ட நகல் கேட்கிறார்கள், எந்த அலுவலகத்துக்குப் போவது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் தம்பிக்கும் அம்மாவுக்கும் இந்த வேலையை நானே அலைந்து முடித்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் பயப்படாதீர்கள். தொலைந்தது காகிதம் மட்டும்தான். பதிவேட்டில் உங்கள் பிறப்பு எழுதப்பட்டிருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் கட்டணம் கட்டிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 17-வது பிரிவில், பதிவேட்டில் தேடச் சொல்லி மனு கொடுக்கவும் அதிலிருந்து சான்று பெறவும் வழி செய்திருக்கிறது. பதிவாளர் கையெழுத்தும் முத்திரையும் போட்டுத் தருவது பிறப்புக்குச் சாட்சியமாக நீதிமன்றத்திலும் செல்லும். பழைய சான்றிதழின் ஜெராக்ஸ் எங்காவது கிடைத்தால் அதில் நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ கையெழுத்து வாங்கி அனுப்பிவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். விசாவுக்கு அது உதவாது. பதிவாளர் அலுவலகம் புதிதாக வழங்கியதைத்தான் கேட்பார்கள். அந்த ஜெராக்ஸைத் தூக்கிப் போடாதீர்கள், அதிலுள்ள பதிவு எண் உங்களுக்குப் பெரிய உதவி.

நகல் வாங்குவதில் சிரமம் ஒன்றுமில்லை. உங்கள் பிறப்பு எந்த ஊர் ஏட்டில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதில்தான் எல்லாச் சிரமமும். அதனால் இந்தப் பதிலில் பாதிக்கு மேல் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

பிறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும். பெற்றோர் எங்கே குடியிருந்தார்கள், ரேஷன் கார்டு எந்த ஊரில் இருந்தது என்பதெல்லாம் கணக்கில் வராது. நம் பக்கம் தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தானே? அப்பாவுக்கு மதுரையில் வேலை, வீடும் மதுரையில், ஆனால் பிள்ளை பிறந்தது காரைக்குடியில் பாட்டி வீட்டுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் என்றால், மதுரை மாநகராட்சியில் வருடக்கணக்காகத் தேடினாலும் கிடைக்காது. காரைக்குடியில்தான் கேட்க வேண்டும். ஆகவே எந்த அலுவலகத்துக்கும் கிளம்புவதற்கு முன் அம்மாவிடம் உட்கார்ந்து பேசுங்கள். அம்மா இல்லை என்றால் பெரியம்மா, சித்தி, மாமா யாராவது. எந்த ஆஸ்பத்திரி, அரசா தனியாரா, வீட்டிலேயே பிறந்ததா, கிழமை என்ன, அப்போது வீட்டுப் பெரியவர் யார் போய் எழுதி வைத்தார் என்று கேளுங்கள். ஆஸ்பத்திரியில் பிறந்தால் அதன் பொறுப்பாளர் பதிவாளருக்குத் தெரிவிப்பார். வீட்டில் பிறந்தால் குடும்பத் தலைவர் போய்ச் சொல்ல வேண்டும். எங்கள் அம்மா வீட்டில் பிறந்தவர். தாத்தா கிராம அலுவலரிடம் சொல்லி எழுதி வைத்ததைப் பெரிய மாமா நினைவு வைத்திருந்ததால்தான் எங்களுக்குத் திசையே தெரிந்தது.

ஆஸ்பத்திரி பெயர் தெரிந்துவிட்டால், அந்தக் கட்டடம் அந்தக் காலத்தில் எந்த உள்ளாட்சி எல்லைக்குள் இருந்தது என்று பார்க்க வேண்டும். இங்கேதான் பலர் சுற்றி வருகிறார்கள். உதாரணத்துக்கு, அம்பத்தூர் 1989-ல் தனி நகராட்சி. 2011-ல்தான் ஆலந்தூர், திருவொற்றியூர், மாதவரம் முதலிய நகராட்சிகளோடு சேர்த்துச் சென்னை மாநகராட்சிக்குள் வந்தது. அன்று அம்பத்தூரில் பிறந்தவருடைய ஏடு அன்றைய அம்பத்தூர் நகராட்சியுடையது. இன்று அதற்குச் சென்னை மாநகராட்சியின் மண்டல அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். தாம்பரம் மாநகராட்சியானது 2021-ல். திருப்பூரும் ஈரோடும் வேலூரும் 2008 வரை நகராட்சிகள். மாவட்டமும் மாறியிருக்கும். தென்காசியில் பிறந்தவருக்குப் பழைய சான்றிதழில் திருநெல்வேலி மாவட்டம் என்று இருக்கும், ஏனென்றால் தென்காசி மாவட்டம் உருவானதே 2019-ல். இது பிழை ஒன்றும் கிடையாது, திருத்தச் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் விண்ணப்பத்தில் இன்றைய மாவட்டம் எழுதும்போது பக்கத்திலேயே பழைய மாவட்டத்தையும் குறிப்பிட்டால் தேடுகிறவருக்கு உதவும்.

சரி, எங்கே போய்க் கேட்பது? மாநகராட்சி, நகராட்சி என்றால் சுகாதாரப் பிரிவில் பிறப்பு இறப்புப் பதிவு என்று தனியாக ஒரு மேசை இருக்கும். பேரூராட்சி என்றால் பேரூராட்சி அலுவலகமே. கிராம ஊராட்சி என்றால் கொஞ்சம் விவரம் வேண்டும். கிராமத்தில் பதிவாளர் கிராம நிர்வாக அலுவலர், அதாவது வி.ஏ.ஓ. ஆனால் பழைய ஏடுகள் அவர் கையில் இருக்காது. தாலுகா அலுவலகத்துக்கும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் போய்விட்டிருக்கும். 1989 போன்ற வருடம் என்றால் நேராக வி.ஏ.ஓ.வைப் பார்க்கப் போகாமல், தாலுகா அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பிரிவு எழுத்தரிடம், இந்தக் கிராமத்தின் இந்த வருட ஏடு எங்கே இருக்கிறது என்று மட்டும் முதலில் கேளுங்கள். தாலுகாவும் பிரிந்திருக்கலாம் என்பதால் பழைய தாலுகா தலைநகரில் விசாரிக்க வேண்டியும் வரலாம். கேள்வியைச் சுருக்கமாக, கிராமம், வருடம் என்று கேட்டால் பதில் சட்டென்று வரும். முழுக் கதையும் சொன்னால் நாளை வாருங்கள் என்பார்கள்.

இணையத்தையும் பார்த்துவிடுங்கள். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் பிறந்தவர்களுக்கு மாநகராட்சியின் இணையதளத்திலேயே பிறந்த தேதியையும் பாலினத்தையும் கொடுத்துத் தேடி, கட்டணமில்லாமல் பதிவிறக்கிக்கொள்ளும் வசதி வெகுநாளாக இருக்கிறது. எழும்பூர் ஆஸ்பத்திரியிலோ திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியிலோ பிறந்தவர்கள் முதலில் இதைத்தான் செய்ய வேண்டும், பஸ் ஏறத் தேவையே இருக்காது. மற்ற ஊர்களில் சமீப ஆண்டுகளில் பிறந்த குழந்தைகளுக்கு கியூஆர் கோடு போட்ட சான்றிதழ் இணையத்தில் கிடைக்கிறது. 1989-ல் பிறந்தவர்கள் பெரும்பாலும் அலுவலகப் படி ஏறத்தான் வேண்டும். ஒரு எச்சரிக்கை: அரசு தளம் போலவே தோற்றம் காட்டிக் காசு வாங்கிக்கொண்டு போலிச் சான்றிதழ் தரும் தளங்கள் இருக்கின்றன. தரகர்களும் இருக்கிறார்கள். பதிவேட்டில் இல்லாத எண்ணோடு ஒரு காகிதம் தூதரகத்துக்குப் போனால் அதன் விளைவு உங்கள் தலையில்தான் விழும்.

மனுவில் என்ன எழுதுவது என்பதற்கு வருகிறேன். உங்கள் பெயரை வைத்துத் தேடச் சொன்னால் பாதிப் பேருக்குக் கிடைக்காது. அந்தக் காலத்தில் பிறந்த உடனே பதிவு செய்தார்கள், பெயர் வைத்தது பிறகு. ஏட்டில் பெயர்க் கட்டம் காலியாக, வெறும் ஆண் அல்லது பெண் என்ற குறிப்போடு இருக்கும். எனவே பிறந்த தேதி, அப்பா பெயர், அம்மா பெயர், ஆஸ்பத்திரி, அன்றைய முகவரி இவற்றைக் கொடுங்கள். அம்மா பெயர் மிக முக்கியம், ஏனென்றால் பிரசவ வார்டில் எழுதிக் கொடுத்தது அம்மாவின் பெயரைத்தான். அம்மாவுக்கு வீட்டில் கூப்பிடும் பெயர் வேறு இருந்தால் அதையும் எழுதுங்கள். எனக்குத் தேடியபோது அப்பா பெயரில் ஒன்றும் கிடைக்கவில்லை, அவருக்குப் பெரியவர்கள் வைத்த முழுப் பெயர் ஏட்டில் இருந்தது. அம்மாவின் பெயரையும் தெருவையும் பிடித்துத்தான் அந்த எழுத்தர் கண்டுபிடித்துக் கொடுத்தார். தூசி படிந்த ஏட்டை அவர் பொறுமையாகப் புரட்டியதை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். தேதியில் சந்தேகம் இருந்தால் முன்னும் பின்னும் சில மாதங்கள் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஆஸ்பத்திரி தாமதமாக அனுப்பியிருந்தால் பதிவு அடுத்த மாதப் பக்கத்தில் இருக்கும், டிசம்பர் குழந்தை அடுத்த வருட ஏட்டிலேயே இருக்கலாம். தேடும் கட்டணம் வருடக் கணக்கில் வாங்குவார்கள். ரசீது கட்டாயம் வாங்குங்கள்.

நீங்கள் நேரில் போக முடியாவிட்டால் அப்பாவோ அம்மாவோ அவர்களுடைய ஆதாரைக் காட்டி மனு கொடுக்கலாம். வேறு உறவினர் என்றால் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதமும் உங்கள் அடையாள அட்டை நகலும் கொடுத்தனுப்புங்கள்.

பதிவு கிடைத்து, அதில் பெயர் இல்லை என்றால் பெயரைச் சேர்க்க வேண்டும். பதிவான 12 மாதத்துக்குள் என்றால் கட்டணமில்லை, அதற்குப் பிறகு 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு. உங்கள் வயதுக்காரர்களுக்கு அந்தக் கெடு தாண்டிவிட்டது, ஆனால் தமிழ்நாடு அரசு பழைய பதிவுகளுக்கு அவ்வப்போது சிறப்புக் கால நீட்டிப்பு கொடுத்து வந்திருக்கிறது. மனு கொடுக்கும் அன்றே, இப்போது நீட்டிப்பு நடப்பில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெயர் சேர்க்கும்போது பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துப்படியே, தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாளில் தெளிவாக எழுதிக் கொடுங்கள். வாயால் சொல்லாதீர்கள்.

பெற்றோர் பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் அதே 1969 சட்டத்தின் 15-வது பிரிவின்படி பதிவாளர் திருத்தலாம். மூல எழுத்தை அழிக்க மாட்டார்கள், ஓரத்தில் திருத்தத்தைக் குறித்துக் கையெழுத்திடுவார்கள். அதற்கு ஆதாரம் கேட்பார்கள், பெற்றோரின் பள்ளிச் சான்றிதழ் இருந்தால் நல்லது. இன்னொரு விஷயம் இதைவிடக் கடினமானது. பள்ளியில் சேர்ப்பதற்காக வயதைக் கூட்டிக் கொடுத்த காலம் அது. டி.சி.யில் ஒரு தேதி, பதிவேட்டில் ஒரு தேதி என்று பலருக்கு இருக்கிறது. உங்களுக்கும் அப்படி என்றால், சான்றிதழைக் கையில் வாங்கியதும் தூதரகத்தில் நீட்டிவிட வேண்டாம். பாஸ்போர்ட், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் எல்லாம் பள்ளித் தேதியில் இருக்கும்போது மூன்றாவதாக வேறு தேதி போனால் சந்தேகம் எழும். ஒரு வழக்கறிஞரிடம் கேட்டு எதை எதற்கேற்பத் திருத்துவது என்று முடிவு செய்த பிறகு கொடுங்கள். பதிவேட்டுத் தேதியைப் பள்ளித் தேதிக்காக மாற்றித் தரச் சொல்லி அலுவலரை நச்சரிப்பது சரியான வழியே இல்லை. பிறந்த அன்று எழுதியது அது.

தேடியும் கிடைக்கவே இல்லை என்றால் வெறுங்கையோடு திரும்பாதீர்கள். பதிவு இல்லை என்பதற்கே ஒரு சான்று தருவார்கள், எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அது ரொம்ப மதிப்புள்ள காகிதம். அமெரிக்கக் குடியேற்ற விண்ணப்பங்களில் இந்த இல்லாமைச் சான்றோடு பள்ளிச் சான்றும், உங்கள் பிறப்பை அறிந்த பெரியவர்களின் உறுதிமொழிப் பத்திரங்களும் வைத்தால் ஏற்கிறார்கள். இங்கே தாமதப் பதிவு செய்வதற்கும் அதுதான் முதல் படி. பிறந்து ஒரு வருடம் தாண்டிய பதிவுக்கு முன்பு முதல் வகுப்பு நீதித்துறை நடுவரின் உத்தரவு வேண்டும் என்று மத்தியச் சட்டத்தில் இருந்தது. 2023 திருத்தத்துக்குப் பிறகு மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவர் உத்தரவு போதும். பிறந்த இடம் எந்தக் கோட்டத்தில் வருகிறதோ அங்கே மனு கொடுக்க வேண்டும்.

அந்தத் திருத்தம் 2023 அக்டோபர் 1-ல் நடைமுறைக்கு வந்தது. அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஆதார், வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுடையதையும் இதே நேரத்தில் எடுத்துப் பெயர் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

விசா விஷயத்தில் ஒன்று. சில நாடுகள் வெறும் சான்றிதழோடு நிற்காமல், அது உண்மையானது என்று வெளிநாட்டுக்கு உறுதி சொல்லும் அப்போஸ்டில் முத்திரையும் கேட்கும். இந்தியா 2005-ல் இதற்கான ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்தது. மாநில அளவில் சான்றொப்பம் பெற்ற பிறகு வெளியுறவு அமைச்சகம் முத்திரை வைக்கும். உங்கள் நாடு கேட்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொண்டால் நாட்களைத் திட்டமிடலாம்.

அப்புறம், சான்றிதழ் கையில் கிடைத்ததும் கவுன்ட்டரை விட்டு நகராமல் ஒவ்வொரு வரியையும் படியுங்கள். தேதி, பாலினம், இரண்டு பெற்றோர் பெயர், பிறந்த இடம், பதிவு எண், பதிவு தேதி, கையெழுத்து, முத்திரை. தட்டச்சுப் பிழை இருந்தால் அங்கேயே ஏட்டோடு ஒப்பிட்டு மாற்றித் தருவார்கள், ஊருக்குப் போய்விட்டால் மறுபடி மனு, மறுபடி பயணம். வாங்கும்போதே கூடுதலாக ஒரு பிரதிக்கும் சேர்த்துக் கட்டணம் கட்டிவிடுங்கள். தூதரகம் ஒன்றை வைத்துக்கொண்டால் உங்களிடம் மற்றொன்று இருக்கும். பதிவு எண்ணையும் அலுவலகத்தின் பெயரையும் போனில் படம் எடுத்து அம்மாவுக்கும் அனுப்பி வைத்துவிடுங்கள்.