தம்பி வாசலைத் தாண்ட

அன்புள்ள ஐயா,

என் தம்பிக்கு 26 வயது. தென்னை மரத்திலிருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்டது. முதுகெலும்பில் டி10 என்ற இடம் என்றார்கள். தொப்புளுக்குக் கீழே உணர்வில்லை. வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. இரண்டு முறை ஆட்கள் முன்னால் சிறுநீர் கசிந்து வேட்டி நனைந்துவிட்டது, அதன்பின் அறையை விட்டு வருவதில்லை. நடைப்பயிற்சிக் கருவி வாங்கலாமா? மனநல ஆலோசனைக்கு அழைத்துப் போகலாமா?

வி., தென்காசி

அன்புள்ள வி.,

ஆலோசனைக்குத் தாராளமாகப் போங்கள். கருவிக்கு இப்போது பணம் போடாதீர்கள். அவனை உள்ளே பிடித்து வைத்திருப்பது அந்த நனைந்த வேட்டிதான்.

ஒரு நோட்டு போடுங்கள். எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தான், சிறுநீர்ப்பைக்குள் குழாய் விட்டு எடுத்தபோது எத்தனை மில்லி சிறுநீர் வந்தது, இடையில் கசிந்ததா என்று மூன்று நாள் எழுதினாலே காரணம் தெரிந்துவிடும். பொதுவாக 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். ஒரு தடவைக்கு 500 மில்லியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் இடைவெளியைக் குறையுங்கள். அளவு குறைவாக இருந்தும் கசிந்தால் கிருமித் தொற்றாகவோ, சிறுநீர்ப்பை தானாகச் சுருங்குவதாகவோ இருக்கும். இரண்டாவதற்கு மாத்திரை உண்டு, மருத்துவரிடம் அந்த நோட்டைக் காட்டுங்கள். கசிவுக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பது பல வீடுகளில் நடக்கும் தவறு. கல்லும் தொற்றும் அதில்தான் வருகின்றன. பகலில் பிரித்துக் குடிக்கட்டும், இரவு உணவுக்குப் பின் குறைக்கட்டும்.

மலம் கழிப்பதற்கும் தினம் ஒரே நேரம் வேண்டும். சாப்பிட்டு அரை மணிக்குள் குடல் தானே அசையும், அந்த நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உட்காரத் தொடங்கியதும் அடுத்த ஆபத்து புண். நடுவில் ஓட்டையுள்ள காற்று ட்யூப் மெத்தையைக் கடைக்காரர் நீட்டுவார், வாங்காதீர்கள். விளிம்பு அழுத்தி நடுவில் ரத்த ஓட்டத்தைக் கெடுக்கும். கையை ஊன்றி ஒரு நொடி எழும்புவதும் போதாது. அரை மணிக்கு ஒருமுறை, நெஞ்சு முழங்காலைத் தொடுமளவு முன்னால் சாய்ந்து இரண்டு நிமிடம் இருக்க வேண்டும். அப்போதுதான் தோலுக்கு ரத்தம் திரும்பும். இரவில் கண்ணாடி வைத்துப் புட்டத்தைப் பார்க்கட்டும். அரை மணியில் மறையாத சிவப்பு இருந்தால், அது மறையும்வரை அந்த இடத்தில் உட்காரக் கூடாது. வெயிலில் நின்ற வண்டியின் சீட்டும் சுடும், அவனுக்குத் தெரியாது.

வாசற்படி 15 செ.மீ. உயரமென்றால் சாய்தளம் 180 செ.மீ. நீளம் வேண்டும். கொத்தனார் பாதியில் முடித்துவிடப் பார்ப்பார், விடாதீர்கள்.

உங்கள் பக்கத்திலேயே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. 1975-ல் கடற்படை ஆள்தேர்வின் உடல்திறன் சோதனையில் கழுத்துத் தண்டுவடம் அடிபட்ட எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கியது. அங்கே வீல்சேரில் வேலை பார்ப்பவர்களோடு தம்பி தனியாகப் பேசட்டும். நீங்கள் கூட நிற்க வேண்டாம். நாம் கூசும் கேள்விகளை அவர்கள் கூசாமல் பேசுவார்கள்.

முதல் பயணம் தெருமுனை டீக்கடை வரை போதும். குழாய் விட்டு எடுத்த கையோடு கிளம்பி, ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடுங்கள். பையில் மாற்றுக் குழாய், ஜெல், சோப்பு, கைலி ஒன்று. பையை அவனே மடியில் வைத்துக்கொள்ளட்டும்.